மனைவி இணைப்புத் தாள் அல்ல
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில்திறனைக் காட்டி வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை கேட்பது எப்படி, குறிப்பாக மணமானவர்கள் கேட்பது எப்படி என்று பேசும்படி பணித்திருக்கிறீர்கள். நம் பிள்ளைகள் இதை 'பி.ஆர்.' என்று இரண்டே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஹிஞ்சவடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் இளைஞர்களின் பேச்சில் பாதி இதுவாகத்தான் இருக்கிறது. போகலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த நாம் இன்னொருவர் போவதைத் தடுக்க முடியுமா? நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த விண்ணப்பத்தில் மனைவியின் இடம் எது என்பதை நம்மவர்களில் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதனால் பணம் போகிறது, ஆண்டுகள் போகின்றன, சில வீடுகளில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே நடுத்தெருவில் நின்றுவிடுகிறது.

நம் தந்தையர் பூனாவுக்கு வந்தபோது யாரும் அவர்களுக்கு மதிப்பெண் போடவில்லை. கிர்க்கித் தொழிற்சாலைக்கும், தேஹு ரோடு கிடங்குக்கும், ரயில்வேக்கும், பின்னாளில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளுக்கும் வந்தார்கள். இடம் கிடைத்ததும் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்து சேர்ந்தார். அவ்வளவுதான். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அறுபதுகளின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோதும் அந்தச் சட்டம் நம் பக்கம் இருந்தது.

கடல் கடந்தால் நிலைமை வேறு. அங்கே குடியேறுவது அந்த அரசு தருகிற அனுமதி. யாருக்கு அனுமதி, யாருக்குக் கதவடைப்பு என்பதை அந்த அரசே தீர்மானிக்கும். இது எப்படி வளர்ந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1897இல் நேட்டால் அரசு, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் செய்தது. 1901இல் ஆஸ்திரேலியா அதே வழியில் போயிற்று. அதிகாரி ஐம்பது சொற்களை ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்லுவார். வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் யாரைத் தடுக்க அது வந்தது என்பதைச் சின்னக் குழந்தையும் சொல்லும். அந்தச் சோதனையை 1958இல்தான் கைவிட்டார்கள்.

மனைவியை வாசலில் நிறுத்திய கதையும் அந்தக் காலத்திலேயே நடந்தது. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமய முறையில் நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் செல்லாது என்பது அதன் சாரம். கணவனை நாடிக் கப்பலில் வந்த மனைவியை, 'நீ மனைவியே அல்ல' என்று கரையிலிருந்தே திருப்பி அனுப்ப வழி பிறந்தது. இந்து, முஸ்லிம், பார்சி என்று அத்தனை வீட்டுப் பெண்களின் தாலியும் ஒரே நாளில் கேள்விக்குறியாயிற்று.

அதை எதிர்த்து எழுந்தவர்கள் யார்? பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். டால்ஸ்டாய் பண்ணையில் முன்பு வசித்தவர்கள் கைக்குழந்தைகளோடு புறப்பட்டு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள்; சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனார். அதே ஆண்டில் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்றுக்கொண்டது; மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது. இந்தக் கதையில் நம் புனேவுக்கும் பங்குண்டு. இதே ஊரில் 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவிய கோபால கிருஷ்ண கோகலே, 1912இல் தென்னாப்பிரிக்காவுக்கே நேரில் போய் நம் மக்களின் குறைகளைக் கேட்டு வந்தார். மனைவி என்று ஏற்றுக்கொள்ளப்படுவது அலுவலகம் போடும் பிச்சையல்ல, நம் பெண்கள் சிறையில் கிடந்து வாங்கிய உரிமை என்பதை மறக்க வேண்டாம்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மொழிச் சோதனையும் நிறவெறியும் வெளிப்படையாக நின்ற இடத்தில் இப்போது மதிப்பெண் முறை நிற்கிறது. கனடா 1967இல் அதைத் தொடங்கி வைத்தது. முன்னதைவிட இது நேர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் என்று வந்துவிட்டால் மனைவியும் ஓர் எண்ணாகிவிடுகிறாள்.

கனடாவில் 2015 முதல் நடக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் என்ற அடிப்படைக் கணக்கில் தனியாளுக்கு அதிகபட்சம் 500. துணையோடு போகிறவருக்கு 460 மட்டுமே. மீதி 40 துணையின் கையில் இருக்கிறது. துணையின் படிப்புக்கு 10, மொழித் தேர்வுக்கு 20, கனடாவில் செய்த வேலைக்கு 10. மனைவி தேர்வு எழுதவில்லை, சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை என்றால் அவள் பங்கு வெறும் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் இன்னும் கூர்மை. தனியாளுக்கு 10 மதிப்பெண். தகுதியான தொழிலும் ஆங்கிலமும் உள்ள துணை இருந்தாலும் 10. துணைக்கு ஆங்கிலம் மட்டும் போதிய அளவு இருந்தால் 5. இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. பெண்டாட்டி இருக்கிறாள் என்பதற்காகவே ஒருவன் பின்வரிசைக்குப் போகிறான்.

இந்த இடத்தில்தான் ஏஜெண்ட் காதைக் கடிக்கிறான். 'மனைவியைக் காட்டாதே, மணமாகாதவன் என்று எழுது, பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்' என்கிறான். தோழர்களே, இந்தப் பேச்சை நம்பாதீர்கள். மனைவி உடன் வரவில்லை என்று எழுதுவது வேறு. மனைவியே இல்லை என்று எழுதுவது வேறு. முன்னதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அப்போதும் அவள் பெயரைக் காட்ட வேண்டும். அவளுக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பின்னது பொய். கனடாச் சட்டப்படி, விண்ணப்பத்தின்போது காட்டாமலும் பரிசோதிக்கப்படாமலும் விட்ட குடும்பத்தாரைப் பின்னால் அழைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் பொது விதி. பொய்த் தகவல் தந்தவருக்கு ஐந்து ஆண்டுத் தடையும் உண்டு. சேர்ல் தீர்ப்பு வெளியிலிருந்து செய்ததை நம்மவன் தன் கையாலேயே தன் மனைவிக்குச் செய்துகொள்வதா?

அப்படியென்றால் வழி என்ன? முதல் வழி, கணக்கை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் முதன்மை விண்ணப்பதாரர் என்றதும் கணவன் பெயரைத்தான் எழுதுகிறோம். யார் சொன்னது? கணவனுக்கு 36 வயது, மனைவிக்கு 30 வயது, இருவரும் எஞ்சினியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாக் கணக்கில் துணையோடு போகும் 36 வயதுக்காரருக்கு வயதுக்காக 65. 30 வயதுக்காரருக்கு 95. பெயரை மாற்றி எழுதியதிலேயே வயதில் மட்டும் 30 மதிப்பெண் கூடுகிறது! மனைவியின் தகுதியில் குடும்பம் போனால் கணவனின் மீசை குறைந்துவிடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த எண்களை அரசுகள் அடிக்கடி மாற்றுகின்றன. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் கனடா எடுத்தேவிட்டது. விண்ணப்பிக்கும் நாளில் அன்றைய விதியைப் பாருங்கள்.

இரண்டாவது, திருமணத்தை நிரூபிக்கும் காகிதம். 2006இல் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வழி காணுமாறு மாநிலங்களைப் பணித்தது; தமிழ்நாட்டின் கட்டாயப் பதிவுச் சட்டம் 2009இல் வந்தது. அதற்கு முன் ஊரில் மணந்தவர்கள் பலரிடம் அழைப்பிதழும் ஆல்பமும்தான் இருக்கின்றன. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கினார்கள். ஆனால் அது தமிழ்நாட்டின் மாநிலத் திருத்தம். புனேயில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் அந்தப் பிரிவையே நம்பி இருந்துவிட வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு முப்பது நாள் அறிவிப்பு உண்டு. விசா அவசரம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவனின் எழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என்று ஒரே பெண் மூன்று பேராகத் தெரிகிறாள். மணமானதும் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. படித்த பெயரிலேயே பெண் இருக்கட்டும். அவள் படிப்புக்கும் வேலைக்கும் சாட்சி அந்தப் பெயர்தான்.

நான்காவதாகப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாடு என்று முடிவெடுக்கும்போது, 'அங்கே எனக்கு என்ன உரிமை?' என்று கேளுங்கள். அமெரிக்காவுக்கு எச்-1பி விசாவில் போனவரின் மனைவி 2015 மே வரை அந்த விசாவில் வேலையே செய்ய முடியாது. அதன் பிறகும், கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பெரும்பாலோருக்கு அனுமதி. டாக்டரும் எஞ்சினியருமான பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் திறன் வழியில் சேர்ந்து போகும் மனைவிக்குக் கிடைப்பது முழு வசிப்புரிமை. அது அவள் பெயரிலேயே வருகிறது. வேலைக்குப் போகக் கணவனின் கையெழுத்துத் தேவையில்லை. அந்தக் காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் உங்கள் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக, நம் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. ஆங்கிலத் தேர்வு எழுத விரும்பும் பெண்களுக்கு இங்கே வகுப்பு நடத்துங்கள். நம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள், திருமணப் பதிவுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து வழிகாட்டட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். இரண்டு மேசையும் நாலு பேரின் மனமும் போதும். கனடாவுக்கு ஏஜெண்டிடம் போகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் கவனிக்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பது வழக்கறிஞர்களையும் உரிமம் பெற்ற ஆலோசகர்களையும்தான். உரிம எண்ணைக் கேட்டுவிட்டுப் பிறகு பையைத் திறக்கட்டும்.

டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்த நம் தாய்மார்களை எந்தப் படிவமும் கேள்வி கேட்கவில்லை. அவர்களுடைய மகள்களைப் படிவம் கேள்வி கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லும் தகுதியும் காகிதமும் அந்தப் பெண்களின் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை.