கலே நகரத்துக் கால்பந்துக் குழு

பந்தாட்டப் போட்டிகளை நடத்துவதற்கு உலகில் இரண்டு முறைகள் வழங்கி வருகின்றன. ஒன்று லீக் முறை. ஒவ்வொரு குழுவும் மற்ற எல்லாக் குழுக்களோடும் ஆடி, பருவ முடிவில் யார் கணக்கில் அதிகப் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றனவோ அவரையே முதல்வர் என்று கொள்வது அது. மற்றொன்று நாக்-அவுட் முறை. தோற்றவர் அன்றே மூட்டை கட்ட வேண்டும். வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். லீக் முறையில்தான் நீதி இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆயினும் அந்த நீதி பெரும்பாலும் செல்வர் பக்கம் சாய்ந்த நீதியாகவே இருக்கக் காண்கிறேன். முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி முடிக்கும்போது, மிகுந்த சம்பளம் கொடுத்து மிகுந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைத்திருக்கும் குழுவே மேலே மிதந்து வரும். ஒரு நாளைய சேறு, ஒரு நாளைய காற்று, ஒரு நாளைய மன எழுச்சி ஆகியவை அந்தப் பெரிய கணக்கிலே கரைந்து போகும். நாக்-அவுட் முறையிலோ அந்த ஒரு நாள்தான் எல்லாம். எளியவன் வலியவனை வீழ்த்துவதற்கு ஒரு நாள் போதும்.

இப்படிப்பட்ட ஒரு பந்தயத்தில், பிரெஞ்சு நாட்டிலே 1999-2000ஆம் பருவத்தில் நடந்த ஒரு வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பிரெஞ்சுக் கோப்பைப் பந்தயம் பிறந்த காலமே ஒரு துயரக் காலம். முதல் உலகப் போர் ஓயுமுன், 1917-18இல், அது தொடங்கிற்று. பிரெஞ்சுக் கால்பந்தாட்ட நிர்வாகத்தில் உழைத்து, 1915இல் போர்க்களத்தில் மாண்டவர் ஷார்ல் சிமோன் என்பவர். அவருடைய பெயரையே கோப்பைக்கு இட்டார்கள். இந்தப் பந்தயத்தின் சிறப்பு, அதன் வாசல் யாருக்கும் அடைக்கப்படாததுதான். சிற்றூர்க் குழுக்கள் முதற்கொண்டு ஆயிரக்கணக்கான குழுக்கள் அதிலே பெயர் கொடுக்கலாம். சிறியவர்கள் முதற் சுற்றுகளிலே ஒருவரோடொருவர் மோதி வடிகட்டப்படுகிறார்கள். குளிர்காலத்தின் நடுவிலே, எஞ்சிய சிறியவர்களோடு நாட்டின் பெருங்குழுக்களும் வந்து கலந்துகொள்கின்றன. அதன்பின் யாருக்கு யார் எதிரி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். சீட்டுக்குப் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு தெரியாது.

கலே என்பது பிரான்சின் வடகோடியில் உள்ள ஒரு துறைமுக நகரம். இங்கிலாந்துக்கும் அதற்கும் இடையே உள்ள கடல் சுமார் 34 கிலோமீட்டர் அகலந்தான். 1347இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். 1558 வரை தம் கையிலே வைத்திருந்தார்கள். அந்த முற்றுகையின் முடிவிலே, ஊரைக் காப்பதற்காகத் தம் கழுத்திலே கயிற்றை மாட்டிக்கொண்டு எதிரி மன்னன்முன் சென்ற ஆறு பெரியவர்களைச் சிற்பி ரோடின் வெண்கலத்தில் வார்த்திருக்கிறார். அச்சிலைத் தொகுதி அந்நகர மண்டபத்தின் எதிரே நிற்கிறது. வெறுங்காலோடு நிற்கும் அந்த ஆறு பேரைப் படத்திலாவது பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பிற்காலத்தில் இயந்திரத்தால் சரிகைப் பின்னல் நெய்யும் தொழில் அங்கே செழித்தது; பிறகு நலிந்தது. 1994இல் கடலடிச் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் வேலையின்மை மிகுந்திருந்தது. 1999ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 77,000.

அந்த ஊரின் குழு பிரெஞ்சுக் கால்பந்தாட்டத்தின் நான்காம் படியிலே ஆடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் லதிஸ்லாஸ் லோஸானோ என்பவர். ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் மைதானத்துக்கு வந்தவர்கள். முதல் படியிலே உள்ள குழுக்களின் ஆட்டக்காரருக்கு ஆட்டமே தொழில். உணவும் உறக்கமும் கூட மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்ததன் அருமை விளங்கும்.

முதற் சுற்றுகளைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிராமத்துக் குழுவை 10-0 என்று வீழ்த்தியதும், அண்டை ஊர்க் குழுக்கள் சிலவற்றைத் தாண்டியதும் அப்பகுதிச் செய்தித்தாள்களோடு நின்றுபோயிருக்கும். பெருங்குழுக்கள் வந்து சேர்ந்த சுற்றிலேதான் சோதனை தொடங்கிற்று. சீட்டிலே வந்த எதிரி லில். இரண்டாம் பிரிவிலே அந்த ஆண்டு முதலாவதாக வந்து, முதற் பிரிவுக்கு ஏறிய குழு அது. ஆட்டம் 1-1 என்று சமனாயிற்று. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமனாகவே நின்றால், இரு பக்கத்தாரும் மாறி மாறிப் பெனல்டி உதைகள் உதைத்து வெற்றியைத் தீர்மானிப்பது அப்போதைய வழக்கம். அதிலே கலே 7-6 என்று பிழைத்தது. அடுத்த சுற்றில் தன்னைப்போன்ற ஒரு சிறு குழுவை 3-0 என்று வென்றது. அதற்கடுத்துக் கான் நகரத்துக் குழு. அதுவும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. மறுபடியும் 1-1, மறுபடியும் பெனல்டி உதைகள், இம்முறை 4-1.

இதுவரை நடந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம், சொன்னவர்களும் உண்டு. பெனல்டி உதைகளால் இருமுறை தப்பியவரை வீரர் என்று ஒப்புக்கொள்ள மனிதருக்கு மனம் வருவதில்லை. ஆனால் கால் இறுதியிலே எதிரே வந்தது ஸ்ட்ராஸ்பூர், முதற் பிரிவுக் குழு. கலேயின் சொந்த மைதானம் இத்தகைய ஆட்டத்துக்குப் போதாது. ஆகவே ஆட்டம் லான்ஸ் நகரத்துப் பெரிய அரங்கிலே நடந்தது. ஸ்ட்ராஸ்பூர் முந்திக்கொண்டு ஒரு கோல் போட்டது. நான்காம் பிரிவுக் குழு ஒன்று முதற் பிரிவுக் குழுவிடம் தொடக்கத்திலேயே பின்தங்கினால், வழக்கமாக அதோடு கதை முடிந்துவிடும். கலே இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல்களைத் திருப்பிப் போட்டு, 2-1 என்று வென்றது. பெனல்டி உதைகள் தேவைப்படவில்லை. அதிர்ஷ்டம் என்ற பேச்சு அடங்கிற்று.

அரை இறுதி 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அதே லான்ஸ் அரங்கில். எதிரி போர்தோ. 1999இல் பிரான்சின் லீக் பட்டத்தை வென்ற குழு. தொண்ணூறு நிமிடம் ஒரு பக்கத்தாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம் வந்தது. என் கருத்திலே இந்தப் பருவம் முழுவதிலும் வியப்புக்குரிய பகுதி இந்தக் கூடுதல் நேரந்தான். பகலெல்லாம் பயிற்சி செய்பவர்களுக்கும் மாலையில் மட்டும் பயிற்சி செய்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட வேண்டிய இடம் அதுதானே? காலில் வலு குறையும்போதுதான் செல்வக் குழுவின் செல்வம் பேசத் தொடங்கும். இங்கே நேர்மாறாக நடந்தது. கலே ஒரு கோல் போட்டது. போர்தோ சமன் செய்தது. சரி, இனி இவர்கள் தளர்ந்துவிடுவார்கள் என்று யாரும் எண்ணியிருப்பார்கள். தளரவில்லை. மேலும் இரண்டு கோல்கள் போட்டு, 3-1 என்று நாட்டின் பட்டக் குழுவை வெளியேற்றினார்கள். நான்காம் படியிலிருந்து ஒரு குழு கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

இறுதி ஆட்டம் 2000ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், பாரிஸுக்கு அருகே உள்ள ஸ்தாத் து பிரான்ஸ் அரங்கில் நடந்தது. 1998இல் உலகக் கோப்பையைப் பிரான்சு வென்ற அதே அரங்கு. 78,000க்கு மேற்பட்டோர் கூடினர். கலே நகரத்து மக்கள் தொகையைக் காட்டிலும் அந்த அரங்கில் இருந்த கூட்டம் பெரிது. ஜனாதிபதி ஜாக் ஷிராக்கும் வந்திருந்தார். எதிரி நான்ட் குழு. முந்தைய ஆண்டிலும் இதே கோப்பையை வென்றது. எனினும் அந்தப் பருவத்தில் அதன் நிலை சுகமாக இல்லை. லீக் ஆட்டங்களிலே தாழ்ந்த பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்ற அச்சம் பருவத்தின் கடைசி நாள் வரையில் அதைப் பிடித்திருந்தது.

முதற் பாதியிலே கலேயின் ஜெரோம் துதீத்ர் ஒரு கோல் போட்டார். இடைவேளையில் கலே 1-0 என்று முன்னே நின்றது. அந்தக் கோப்பையை வென்றவருக்கு அடுத்த பருவத்தில் ஐரோப்பியப் போட்டி ஒன்றில் ஆடும் உரிமை உண்டு. மாலையில் பயிற்சி செய்யும் ஒரு துறைமுகத்துக் குழு, ஐரோப்பாவின் பெருங்குழுக்களோடு ஆடுவதற்கு நாற்பத்தைந்து நிமிடத் தொலைவிலே நின்றது.

இடைவேளைக்குப் பிறகு சற்று நேரத்துக்கெல்லாம் நான்டின் ஆன்ட்வான் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். இவர் வடக்கே உள்ள லில் நகரத்தில் பிறந்தவர். வடக்கத்தியரின் கனவை முறிக்க வடக்கத்தியர் ஒருவரே வந்து வாய்த்தார். அதன்பின் கலே பொறுமையாகத் தாக்குப்பிடித்தது. கூடுதல் நேரம் வரத்தான் போகிறது, போர்தோவுக்கு நேர்ந்தது நான்டுக்கும் நேரலாம் என்று அவர்கள் பக்கத்தார் நம்பியிருக்க வேண்டும். தொண்ணூறாவது நிமிடம். நான்டின் காவெக்லியா, கலேயின் கோல் எல்லைக்குள்ளே ஒரு தடுப்பாட்டக்காரரோடு நெருங்கியபோது கீழே விழுந்தார். நடுவர் பெனல்டி கொடுத்தார். சிபியெர்ஸ்கி உதைத்தார். 2-1. ஆட்டம் முடிந்தது.

அது பெனல்டியா அன்றா என்ற வழக்கு அந்நாட்டு ரசிகர்களிடையே நெடுங்காலம் நடந்தது. அந்தத் தொடுகை மிகவும் லேசானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் நடுவர்மீது பழி சுமத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு கண நேரத்தில், ஒரு கோணத்திலிருந்து கண்டதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு நாளின் தயவிலே மேலே வந்த குழு, ஒரு நாளின் கொடுமையையும் ஏற்க வேண்டியிருந்தது. லில்லையும் கானையும் வெளியேற்றிய அதே பெனல்டிப் புள்ளிதான் கடைசியில் கலேயையும் வெளியேற்றிற்று.

இனி நான்டின் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிக்கேல் லாந்த்ரோ, கோல் காப்பாளர். இருபத்தொரு வயது நிறைவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோப்பையை வாங்குவதற்கு மேடை ஏறும் உரிமை வென்ற குழுவின் தலைவருக்கே உரியது. லாந்த்ரோ தனியே போகவில்லை. கலேயின் தலைவர் ரெஜினால் பெக்கையும் தம்மோடு அழைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அந்தக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்கள். வயதிலே மூத்த பெருந்தலைவர்களுக்கும் அந்த வேளையில் தோன்றாதிருக்கக்கூடிய ஒன்று அந்த இளைஞருக்குத் தோன்றியது. தமக்கு வந்த வெற்றி எப்படி வந்தது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

நான்ட் குழு அப்பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. மறு ஆண்டே, 2001இல், லீக் பட்டத்தையும் வென்றது. கலேயின் கதை வேறு. ஊருக்குத் திரும்பிய ஆட்டக்காரர்களை மக்கள் வெற்றி பெற்றவர்களைப் போலவே வரவேற்றார்கள். 2006இல் அக்குழு மீண்டும் ஒருமுறை கால் இறுதி வரை வந்தது. சீட்டிலே விழுந்த எதிரி, கேட்டால் நம்ப மாட்டீர்கள், நான்ட் குழுவேதான். இம்முறையும் நான்டுதான் வென்றது, 1-0.

பெரிய குழுவாக வளர வேண்டும் என்ற ஆசை கலேக்கு வந்தது; வந்ததில் வியப்பில்லை. சுமார் 12,000 பேர் அமரும் புதிய அரங்கு 2008இல் திறக்கப்பட்டது. ஆனால் கோப்பைப் பந்தயத்தில் ஒரு குழுவுக்கு வேண்டியது சில நல்ல நாட்கள். லீக்கிலே மேற்படியில் நிலைத்து நிற்பதற்கு வேண்டியதோ ஒவ்வொரு மாதமும் தவறாமல் வரும் பணம். அந்தப் பணம் கலேயில் இல்லை. அந்த ஆண்டின் புகழே பிற்பாடு குழுவைக் கெடுத்தது என்று சொல்வாருண்டு. நான் அதை முற்றிலும் ஒப்பவில்லை. வேலையின்றித் தவித்த ஒரு நகரம், சில மாதங்கள் நாடு முழுவதும் தன்னைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. அதற்குப் பின் வந்த கடனை அந்தப் புகழின் கணக்கிலே எழுதுவது முறையாகாது. கடன் சேர்த்தவர் வேறு. 2000ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஓடியவர்கள் வேறு.

பணநெருக்கடி முற்றி, 2017இல் அந்தக் குழு நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. அரங்கு மட்டும் நிலைத்திருக்கிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஸ்தாத் தெ லெபோப்பே’. தமிழிலே சொன்னால், காவிய அரங்கு.