ஒட்டகத்தின் தம்பி சொல்லும் பாடம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றாலே 'யார் முதல், யார் கடைசி' என்பதுதான் பேச்சு. நான் இன்று அதை லாமாவைக் கொண்டு சொல்கிறேன். லாமா என்றதும் திபெத்துத் துறவியை நினைத்துவிடாதீர்கள்! தென்னமெரிக்காவில், பெரு, பொலிவியா நாடுகளில், 3,000 மீட்டருக்கும் உயரமான மலைநிலத்தில் பொதி சுமக்கும் பிராணி அது. ஒட்டகத்துக்குத் தம்பி முறை; திமில்தான் கிடையாது.

ஐந்தாறு லாமாக்கள் சேர்ந்தாலே அவற்றுக்குள் ஒரு வரிசை ஏற்பட்டுவிடும். தீனித் தொட்டிக்கு எது முந்துவது, எது விலகுவது என்று அவற்றுக்குத் தெரியும். சின்னது முந்தினால் பெரியது காதைப் பின்னால் மடக்கும். அது முதல் எச்சரிக்கை. கேட்காவிட்டால் மூக்கை வானத்துக்குத் தூக்கும். அதற்கும் அடங்காவிட்டால் 'தூ' என்று துப்பிவிடும்! வயிற்றிலிருந்து வரும் பச்சைச் சாறு, நாற்றம் தாங்காது. ஆனால் பெரும்பாலும் காது மடங்கியதுமே மற்றது ஒதுங்கிக்கொள்ளும். அந்த வரிசை சண்டையை வளர்க்க அல்ல, குறைக்க.

அது நிலையானதும் அல்ல. புதிய லாமா வந்தால் வரிசை மாறும். நாய், நரி வந்தால் வரிசையே பேச்சில்லை. கடைசியில் நிற்பது குரல் கொடுத்தாலும் மந்தை முழுதும் தலை நிமிரும்.

இந்த மரியாதையைக் குட்டி எங்கே படிக்கிறது? தாயிடமும் மந்தையிடமும்தான். ஆண்குட்டியைத் தனியே பிரித்து, புட்டிப்பால் கொடுத்து, மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? மனிதனையும் தன் இனம் என்றே எண்ணிக்கொள்ளும். பருவம் வந்ததும் வளர்த்தவனையே போட்டிக்காரன் என்று மார்பால் மோதித் தள்ளும், கடிக்கும். 100 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு, விளையாட்டா? அதனால் விவரம் தெரிந்தவர்கள், புட்டிப்பால் கொடுத்தாலும் குட்டியை மந்தையோடுதான் விடுவார்கள். கொஞ்சிக் கெடுக்க மாட்டார்கள்.

பெற்றோர்களே, மனிதன் லாமா அல்ல. ஆனாலும் 'அவனோடு சேராதே, இவளோடு விளையாடாதே' என்று பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோமே, கொஞ்சம் யோசியுங்கள். விட்டுக்கொடுக்கவும், எல்லை தெரிந்து நடக்கவும் பள்ளித் திடல்தான் கற்றுக்கொடுக்கும். வீட்டுப் பாசம் மட்டும் போதாது.

மாணவர்களே, இன்று பரிசு வாங்குகிறவர்கள் மூக்கைத் தூக்க வேண்டாம். வாங்காதவர்கள் காதை மடக்க வேண்டாம். யாரும் யாரையும் துப்பவே வேண்டாம்! அடுத்த ஆண்டு வரிசை மாறும். ஆனால் ஒருவனுக்கு ஆபத்து என்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் மந்தையாக மட்டும் இருங்கள்.