பெயர்ப்பலகை பிணி தீர்க்காது

(வட்டாரக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலக அரசியலைப் பற்றிப் பேசும்படி என்னைப் பலர் அழைப்பதுண்டு. நீங்களோ ஊர் மருத்துவமனையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதனாலேயே மகிழ்ச்சியோடு வந்தேன். நள்ளிரவில் இடுப்பு வலியோடு ஒரு பெண் வந்து நிற்கும்போது, மருத்துவமனைக் கதவு திறக்கிறதா, திறந்த கதவுக்குப் பின்னே ஆள் இருக்கிறாரா என்பதைவிடப் பெரிய அரசியல் எது?

கூட்டத்துக்கு வருமுன் அந்த மருத்துவமனைக்குள் நுழைந்து பார்த்தேன். கட்டிடம் இருக்கிறது, வண்ணமும் பூசியிருக்கிறார்கள். வாயிலிலே பலகை தொங்குகிறது: ‘மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம்’! உள்ளே சென்றால், அறுவைக்கூடத்துக்குப் பூட்டு. எக்ஸ்ரே கருவிக்குப் போர்வை. மாலைக்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் துண்டுச் சீட்டு. மேம்பட்டது பலகை; மேம்படாமல் கிடப்பது பணி!

இப்படிப்பட்ட மருத்துவமனையில் என்னென்ன இருக்கவேண்டும் என்பது நாம் இட்டுக்கட்டிய கனவல்ல. அரசே வகுத்த அளவு. சமவெளியில் 1,20,000 மக்களுக்கு ஒன்று. மலைப்பகுதியில் 80,000 மக்களுக்கு ஒன்று. படுக்கை 30. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய நான்கு துறைகளிலும் வல்லுநர்கள். ஏட்டிலே எழுதியாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பணி எப்படி நின்றுபோகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே நாளில் எவரும் மருத்துவமனையை மூடுவதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் மாற்றலாகிப் போகிறார். அவர் இடம் காலியாகவே கிடக்கிறது. அவர் இல்லாமல் அறுவை மருத்துவர் கத்தியைத் தொட முடியாது. ஆகவே அறுவைக்கூடத்துக்குப் பூட்டு விழுகிறது. கூடம் பூட்டியிருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்ததும் கர்ப்பிணிகள் வேறிடம் தேடுகிறார்கள். பிறகு அதிகாரிகள் கணக்குப் பார்த்து, “இங்கே நோயாளிகளே வருவதில்லையே, இன்னொரு மருத்துவர் எதற்கு?” என்று கேட்கிறார்கள். ஆள் இல்லாததால் மக்கள் வரவில்லை. மக்கள் வராததால் ஆள் இல்லை! இந்தச் சுழலிலே சிக்கித்தான் மருத்துவமனை மெல்ல மெல்ல மூழ்குகிறது.

மூழ்குவது கட்டிடமா? இல்லை. பேறு முடிந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால், சில மணி நேரத்திலேயே தாயின் உயிர் போய்விடும். 2008ஆம் ஆண்டில் 108 வண்டி வந்தது, நல்ல காரியம். ஆனால் வண்டி நோயாளியைச் சுமக்குமேயன்றி, தானே மருத்துவமனை ஆகிவிடுமா? அருகிலுள்ள மருத்துவமனையில் இரத்தச் சேமிப்பு மையம் ஒன்று இருந்தால் போதும். குளிர்பெட்டியும், பொருத்தம் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால், பெரிய இரத்த வங்கியிலிருந்து பெற்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லாத காரணத்தால் ஒரு தாய் வழியிலே மடிந்தால், அதை விதி என்று சொல்லலாமா?

“நிதி இல்லையே” என்பார்கள். 1992இல் மேற்கு வங்கத்தில் ஒருவர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக, வசதி இல்லை, படுக்கை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பின. விவசாயத் தொழிலாளர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: அவசரச் சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையை மறுப்பதாகும், நிதி இல்லை என்று கூறி அரசு தப்பித்துக்கொள்ள முடியாது. ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை!

இழந்ததை மீட்க முடியுமா என்ற ஐயம் சிலருக்கு இருக்கலாம். முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய காலம் ஒன்று உண்டு. 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கினார்கள், தரத்தைச் சோதித்தார்கள், மாவட்டக் கிடங்குகளில் வைத்தார்கள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பயின்ற முறை அது.

இன்னொன்றையும் சொல்வேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலே பேறு பார்க்க ஆளில்லை என்ற குறை இருந்தது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் காலத்தில், நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்ற ஏற்பாடு வந்தது. ஏன் மூன்று? ஒருவர் இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருக்க முடியாது. முறைக்கு எட்டு மணி நேரமென மூவர் இருந்தால் முடியும். எளிய கணக்கு! இரவில் விளக்கெரிந்தது, செவிலியர் இருந்தார், தாய்மார்கள் தேடி வந்தார்கள். “மக்கள் வருவதில்லை” என்ற பழி பொய்யாயிற்று.

இனி, தோழர்களே, கசப்பான ஒன்றைச் சொல்லப்போகிறேன், பொறுத்தருள வேண்டும். நம் மருத்துவமனையின் பேரேட்டில் ஒரு மருத்துவரின் பெயர் இருக்கும். சம்பளமும் இங்கிருந்தே போகும். ஆனால் அவர் பணிபுரிவது வேறு நகரத்தில். இதற்கு ‘அயற்பணி’ என்று பெயர். அந்த அயற்பணிக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருபவர் யார்? கட்சி எதுவாயினும், கரைவேட்டி கட்டிய யாரோ ஒருவர்தானே! காலையில் பரிந்துரைத்து மருத்துவரை அனுப்பிவிட்டு, மாலையில் “மருத்துவர் எங்கே?” என்று முழங்கினால், அந்த முழக்கத்தை ஊர் மதிக்குமா? இப்படிப்பட்ட கடிதம் ஒன்றைக்கூட நாம் கேட்கமாட்டோம் என்று இந்தக் கிளை முதலில் உறுதி பூணட்டும்.

இரண்டாவது, தனியே நிற்கும் செவிலியரிடம் வீரம் காட்டாதீர்கள். எல்லாரும் போன பிறகும் போகாமல் இருப்பவர் அவர். நம் கேள்வி அவரைத் தனியே விட்டவர்களை நோக்கியதாக இருக்கட்டும்.

மூன்றாவது, கணக்கெடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, அயற்பணியில் எத்தனை பேர்? கடந்த ஆண்டு இங்கிருந்து வேறிடம் அனுப்பப்பட்ட கர்ப்பிணிகள் எத்தனை பேர், என்ன காரணத்துக்காக? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது, எழுதிக் கேளுங்கள். விடையைக் கிராமசபையிலே படியுங்கள். நோயாளர் நலச் சங்கத்திலே வையுங்கள்.

நான்காவது, கோரிக்கையை வரிசைப்படுத்துங்கள். தொகுதி நிதியிலிருந்து கருவி வாங்கித் தருகிறோம் என்றால் நன்றி சொல்லுங்கள், உடனே, “இயக்குபவர் யார்?” என்றும் கேளுங்கள். முதலில் ஆள், பிறகு கருவி, அதற்குப் பிறகே புதுக்கட்டிடம். நின்றுபோன பணியை மீட்காமல் தரம் உயர்த்துவது, அடித்தளம் இடிந்த வீட்டுக்கு மாடி கட்டுவது போன்றது.

ஏழையும் செல்வரும் ஒரே தரத்தில் சிகிச்சை பெறவேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். செல்வருக்கு ஊர்தி இருக்கிறது, நகரம் தூரமில்லை. ஏழைக்கு இருப்பது இந்த ஒரு மருத்துவமனை. அங்கே அறுவைக்கூடத்தின் பூட்டு திறக்கும் நாளே நாம் பேசிய சமத்துவம் இந்த ஊருக்குள் காலடி வைக்கும் நாள். அந்த நாளை விரைந்து கொண்டுவருவது உங்கள் கையில் இருக்கிறது.