உலாவியைப் புதுப்பிப்பதும் நம் பணத்தின் பாதுகாப்பும்

(சுங்கை பெசார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையை வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சற்றே கண்ணயர வேண்டிய நேரத்தில் இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலால் முகமன் மொழிகளில் காலம் போக்காமல் நேரே பொருளுக்கு வருகிறோம்.

சபாக் பெர்ணம் முதல் தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் வரை நாங்கள் செல்லும் தோட்டங்களிலெல்லாம் அண்மைக் காலமாக ஒரே கேள்வி எழுகிறது. “ஐயா, கைப்பேசியில் ‘புதுப்பிக்கவும்’ என்று அடிக்கடி வந்து நிற்கிறதே, அதை அழுத்தலாமா? அழுத்தினால் காசு பிடித்துக்கொள்வார்களா?” என்பதே அது. அழுத்தலாம், அதற்கெனக் காசு பிடிக்க மாட்டார்கள் என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் ஒப்புக்கொண்ட விடை அடுத்த வாரமே மறந்துபோகும். எனவே காரணத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

இணையப் பக்கங்களை நம் கண்முன் கொண்டுவந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் முதலியன இன்று வழக்கில் உள்ள உலாவிகள். 1990ஆம் ஆண்டில் ஜெனீவா நகருக்கருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் முதல் உலாவியை எழுதினார். 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த மொசாய்க் என்னும் உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பொதுமக்களைக் கவர்ந்தது. ஒரு காலத்தில் உலகின் பெரும்பாலான கணினிகளில் கோலோச்சிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 1995இல் தோன்றி, 2022 ஜூன் 15ஆம் நாள் ஓய்வுபெற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

அந்நாளில் உலாவி செய்தி படிப்பதற்கான கருவியாக இருந்தது. அதில் பழுது ஏற்பட்டால் பக்கம் தெரியாது, அவ்வளவே. இன்று நிலைமை வேறு. நம் சம்பளம் சேரும் வங்கிக் கணக்கை அதன் வழியே பார்க்கிறோம். அரசாங்க உதவித் தொகைக்கு அதன் வழியே விண்ணப்பிக்கிறோம். ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் நெகிழ்வுக் கணக்கு என ஒன்று பிரிக்கப்பட்டுள்ளதையும், 55 வயதுக்கு உட்பட்டவர்கள் அதிலுள்ள பணத்தை வேண்டியபோது எடுக்கலாம் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அலுவலகப் படியேறி, வரிசையில் நின்று, கையொப்பமிட்டுப் பெற்ற காலம் போய், கைவிரலால் தொட்டே கேட்டுப் பெறுகிறோம். நமக்கு எளிதாக்கப்பட்ட வழி, நாம் அசட்டையாக இருப்பின், திருடனுக்கும் எளிதாகிவிடும் அன்றோ?

இனி, புதுப்பிப்பு என்பதில் உள்ளே நடப்பது என்ன? நிறம் மாறுகிறது, பொத்தான் இடம் மாறுகிறது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். அவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவையே முக்கியமானவை. உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

2023 செப்டம்பர் மாதத்தில் ‘வெப்பி’ என்னும் பட வகையை விரித்துக் காட்டும் நிரல்பகுதியில் ஒரு துளை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. தீய எண்ணத்தோடு தயாரிக்கப்பட்ட ஒரு படத்தை உலாவி திறந்தால் போதும். அப்படத்தினுள் மறைந்திருக்கும் கட்டளைகள் இயங்கத் தொடங்க வழி ஏற்பட்டுவிடும். எதையும் அழுத்த வேண்டியதில்லை. கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. படம் கண்ணில் பட்டாலே ஆபத்து. இதில் வியப்பு என்னவென்றால், அந்தச் சிறு நிரல்பகுதியை குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்றுமே பொதுவில் பயன்படுத்தி வந்தன. செப்டம்பர் 11ஆம் நாள் குரோமுக்கும், அதையடுத்த ஓரிரு நாள்களில் மற்றவற்றுக்கும் திருத்தம் வெளியாயிற்று. அதற்கு முன்பே அத்துளையை யாரோ பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர் என்பதையும் கூகுள் நிறுவனம் அன்றே ஒப்புக்கொண்டது.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கத்தி சற்றே ஆழமாகப் போய்விட்டால், வெளியில் பார்க்க மரம் நன்றாகவே இருக்கும். மழைக்காலம் வந்ததும் அந்தக் காயத்தின் வழியாகத்தான் பூசணம் புகும். மருந்து பூசுவதற்கு மரம் வாடும்வரை காத்திருப்பவர் தேர்ந்த வெட்டாளர் அல்லர்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். திருத்தம் வெளியானவுடன் அபாயம் குறைகிறது என்று நினைப்போம். புதுப்பித்தவருக்குக் குறைகிறது, புதுப்பிக்காதவருக்கோ கூடுகிறது. ஏனெனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் அடிப்படை நிரல்களை எவரும் படித்துப் பார்க்கலாம். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்று பார்த்தாலே, துளை எங்கே இருந்தது என்பதைக் கள்வன் கண்டுகொள்வான். பிறகு அவன் தேடுவது, இன்னும் ஒட்டுப் போடாத கைப்பேசிகளைத்தான். இந்த இடைவெளியைக் குறைக்கும் பொருட்டே 2023 ஆகஸ்டு முதல் குரோம் தன் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் வெளியிட்டு வருகிறது. “போன வாரந்தானே செய்தேன், மறுபடியுமா?” என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுவே விடை. நாங்களும் அலுவலகக் கணினியில் ‘பிறகு நினைவூட்டு’ என்பதையே பல நாள் அழுத்தி வந்தவர்கள்தாம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

துளை அடைப்பதோடு, புதிய காப்பு ஏற்பாடுகளும் புதுப்பிப்பின் வழியாகவே வந்து சேருகின்றன. 2018ஆம் ஆண்டு முதல் குரோம், ஒவ்வோர் இணையத்தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கும் முறையை மேசைக் கணினிகளில் மேற்கொண்டது. ஒரு பக்கத்தில் சினிமாப் பாட்டும் இன்னொரு பக்கத்தில் வங்கியும் திறந்திருந்தால், பாட்டுப் பக்கம் வங்கிப் பக்கத்தை எட்டிப் பார்க்க முடியாதபடி செய்வது இதன் நோக்கம். ஃபயர்ஃபாக்சும் 2021இல் இவ்வழிக்கு வந்தது.

அடுத்து, பூட்டுச் சின்னம். இதைப்பற்றி நாங்களே முன்பு தவறாகப் போதித்திருக்கிறோம். ஆகையால் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம். முகவரிக்கு அருகில் பூட்டு இருந்தால் நம்பலாம் என்று பல கூட்டங்களில் கூறினோம். பூட்டு காட்டியது ஒன்றைத்தான்: நம் கைப்பேசிக்கும் அந்தத் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் இருப்பவர் படிக்க முடியாது. அதாவது பாதை பத்திரமானது. பாதையின் முடிவில் கடை வைத்திருப்பவன் யோக்கியனா என்பதைப் பூட்டு சொல்லவில்லை. மோசடிக்காரனும் இன்று செலவின்றியே அப்பூட்டைப் பெற்றுக்கொள்ளலாம். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டனர் என்பதாலேயே, 2023 செப்டம்பரில் வந்த 117ஆம் பதிப்பில் குரோம் பூட்டை நீக்கி, இரு சிறு கோடுகள் கொண்ட வேறொரு சின்னத்தை அங்கே வைத்தது. உங்கள் கைப்பேசியில் பூட்டுக் காணாமற்போனால் அஞ்ச வேண்டாம். ‘பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கை தோன்றினால் மட்டும் அந்தப் பக்கத்தில் எதையும் எழுதாதீர்கள்.

பின் எதைப் பார்ப்பது? முகவரியைத்தான். எங்களுள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கரும்பலகை இல்லாமல் பேச்சு நிறைவதில்லை. அதோ எழுதியிருக்கிறோம், பாருங்கள். பக்கத்தின் முகவரியில் முதல் சாய்கோட்டிற்கு முன்னால் கடைசியாக நிற்கும் சொற்களே வீட்டுக்காரரின் உண்மையான பெயர். அரசாங்கத் தளமாயின் அவ்விடத்தில் ஜி-ஓ-வி, புள்ளி, எம்-ஒய் என்று இருக்கும். தொடக்கத்தில் வங்கியின் பெயரையோ அமைச்சின் பெயரையோ எவரும் எழுதிக்கொள்ளலாம். அயலான் வாசலில் நம் தோட்டத்தின் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டால் அது நம் தோட்டம் ஆகிவிடுமா?

உலாவி இதில் நமக்கு ஒரு கைகொடுக்கிறது. கடவுச்சொல்லை அதில் சேமித்து வைத்திருந்தால், அது முகவரியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். பக்கம் பார்ப்பதற்கு அச்சாக வங்கியைப் போலவே இருந்தாலும், முகவரி ஓரெழுத்து மாறினாலும் அது கடவுச்சொல்லை எடுத்து நீட்டாது. வழக்கமாகத் தானே நிரப்பும் உலாவி ஒருநாள் பேசாமலிருந்தால், நாம் நின்று யோசிக்கவேண்டும். கைப்பேசிக்குத் திரைப்பூட்டு இட்டிருப்பவர்களுக்கே இந்த ஏற்பாடு ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவும் கூறியபின், உலாவியால் முடியாதது ஒன்றையும் மறைக்கக் கூடாது. எங்களிடம் வந்த ஓர் அன்பரின் அனுபவம் இது. உதவித்தொகை வந்திருக்கிறது என்ற செய்தியோடு அவருக்கு ஓர் இணைப்பு வந்தது. அழுத்தினார். ஒரு செயலிக் கோப்பு இறங்கத் தொடங்கியது. இவ்வகைக் கோப்பு தீங்கானதாக இருக்கலாம் என்று உலாவி எச்சரித்தது, தொடரட்டும் என்றார். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவலாமா என்று கைப்பேசி கேட்டது, சம்மதித்தார். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று அச்செயலியே கேட்டது, அதற்கும் சம்மதித்தார். வங்கி அனுப்பிய டேக் எண்ணை அது படித்து அனுப்பிவிட்டது. மகளின் கல்லூரிச் செலவுக்காகச் சேர்த்த மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி அன்றிரவே போயிற்று. அவருடைய உலாவி புதியதுதான். மூன்று முறை கேட்ட கேள்விக்கு மூன்று முறையும் ‘சரி’ என்று சொன்னதுதான் கேடு. அவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த எச்சரிக்கைகள் அவருக்குப் புரியாத மொழியில் இருந்தன. அதனால்தான் சொல்கிறோம்: குரோமின் அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம். எச்சரிக்கை நம் மொழியில் வரட்டும்.

இத்தகைய கொள்ளைகள் பெருகியதை அடுத்தே, குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கைவிட்டு வேறு வலுவான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் கேட்கும் புதிய முறை சிலருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். அதன் காரணம் இதுவே.

புதுப்பிப்பு என்ற பெயரிலேயே வரும் மோசடியும் உண்டு. ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், “உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்” என்று திரை முழுவதும் தோன்றும். உண்மையான புதுப்பிப்பு அவ்வாறு வருவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின் பிளே ஸ்டோரிலும், ஐபோனாயின் அதன் பொது அமைப்புகளிலும் ஆப் ஸ்டோரிலும் மட்டுமே புதுப்பியுங்கள். வாட்ஸ்அப் வழியாக எவர் அனுப்பினாலும், அவர் சொந்த மைத்துனராகவே இருந்தாலும், வேண்டாம்.

தரவுச் செலவைப் பற்றிய கவலை நியாயமானது. உலாவியைப் புதுப்பிக்கச் சில பத்து மெகாபைட்டோ அதற்கு மேலோ ஆகும். முன்பணம் கட்டிப் பேசுபவர்களுக்கு அதுவும் கணக்குத்தான். வைஃபை கிடைக்கும்போது மட்டும் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி பிளே ஸ்டோரில் அமைத்துவிடலாம். நாடி எனப்படும் அரசாங்கத் தகவல் மையம் அருகில் இருந்தால் அங்கே சென்றும் செய்துகொள்ளலாம்.

மிகப் பழைய கைப்பேசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 139ஆம் பதிப்பு முதல் குரோம், ஆண்ட்ராய்டு 10க்குக் குறைந்த கைப்பேசிகளில் புதுப்பிக்கப்படுவதில்லை. கைப்பேசி ஓடும், பக்கங்களும் திறக்கும், ஆனால் துளைகள் அடைபடா. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது கைப்பேசியை மாற்றியவர்களுக்கு இது மறுசெலவு என்பதை உணர்கிறோம். உடனே மாற்ற இயலாதவர்கள் அக்கருவியைப் பேசவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொண்டு, வங்கி, சேமநிதி அலுவல்களை வீட்டில் உள்ள புதிய கைப்பேசி ஒன்றில் செய்வது நன்று.

பணம் போய்விட்டதாக ஐயம் தோன்றினால், வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ 997 என்னும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையோ அழையுங்கள். பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்; விரைந்து சொன்னால்தான் வழியில் மறிக்க இயலும்.

இப்போது மண்டபத்தின் பின்புறம் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். வலப்புற மேசையில் உலாவியைப் புதுப்பித்து, மொழியையும் தமிழாக மாற்றித் தருவோம். ஆண்ட்ராய்டு எத்தனையாம் பதிப்பு என்று தெரியாதவர்கள் இடப்புற மேசைக்கு வாருங்கள். கடவுச்சொல்லை எங்களிடம் சொல்லவேண்டாம். நாங்கள் கேட்கவும் மாட்டோம். மாலை ஐந்து மணிவரை இங்கிருப்போம்.