இல்லமும் சிக்கனமும்
(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேள்வியுற்ற நண்பர்கள் சிலர், "அடுப்படிக் கதையை மேடையில் பேசுவதா? அது பெண்களின் காரியமல்லவா?" என்று நகைத்தனர். தத்துவ விசாரம் நடக்கும் சபையில் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும் பேசுவது சிறுமையென அவர்கள் எண்ணினர் போலும். அவர்களுக்கு விடையாக எமது வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அதற்குச் சில தினங்கள் முன்னர்தான் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. 2021இல் 1,493 ரூபாவுக்கு விற்ற பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்கவேண்டி வந்தது என்பதே இதன் பொருள்.

அக்காலத்தில் நாம் உயர்தர வகுப்பு மாணவர். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலுள்ள எமது வீட்டில் விறகு மூட்ட முற்றமில்லை. இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சாப்பாடு நடக்கும். அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "நான் பிறகு சாப்பிடுகிறேன்" என்பார். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து குசினிக்குச் சென்றபோது, சோற்றுப் பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அம்மா வெறும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் இப்படியென்று கேட்டோம். "சத்தம் போடாதே, அப்பா எழும்பிவிடுவார்" என்பதுதான் அவர் சொன்ன மறுமொழி. அன்றுதான் சிக்கனம் என்ற சொல்லின் முழுப் பொருளும் எமக்கு விளங்கிற்று. வீட்டில் ஒருவருடைய வயிற்றைச் சுருக்கி மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. அது மறைத்து வைத்த பட்டினி.

மறுநாள் முதல் எமது வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. உள்ளதை ஐந்து கோப்பைகளிலும் சமமாகப் பரிமாறிய பின்பே எவரும் சோற்றில் கை வைக்கலாம். அந்த விதி இன்றும் நிலைத்திருக்கிறது.

பெரியோர்களே, தட்டுப்பாடு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோது பங்கீட்டு முறை வந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததும், ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தால் செய்தது. பிரதமர் பதவி விலக நேர்ந்தது. எழுபதுகளில் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றதை எங்கள் அம்மம்மா இன்றும் சொல்வார். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாத அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்ததும், கொழும்பு வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு விருந்துணவானதும் ஒருங்கே நிகழ்ந்தவை.

இல்லப் பராமரிப்பை ஒரு கல்வியாகக் கருதிய பெருமக்களும் இங்கு வாழ்ந்தனர். கனடாவில் பிறந்து, இலங்கைக்கு வைத்தியராக வந்து, தமிழர் ஒருவரை மணந்த மேரி இரத்தினம் அம்மையார், கிராமப் பெண்கள் சுகாதாரமும் உணவும் கைத்தொழிலும் கற்கும்பொருட்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. அடுப்படிக் காரியம் சிறுமையென்று நகைப்போர் இதைச் சிந்திப்பார்களாக.

இனி, நாம் கைகண்ட சில முறைகளைக் கூறுகின்றோம். முதலாவது, வீட்டுத் திருத்த வேலைகள். நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே கைப்பணி வகுப்பில் பாதிரியார் ஒருவர் குழாய்க்கு வாசர் மாற்றவும், பொத்தான் தைக்கவும், தேய்ந்த சட்டைக் கொலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கவும் கற்பித்தார். அன்று நாம் சிரித்தோம். 2022இல் அப்பாவின் அலுவலகச் சட்டைகள் மூன்றுக்கு எமது கையாலேயே கொலர் திருப்பியபோது சிரிப்பு வரவில்லை, நன்றிதான் வந்தது.

சொட்டும் குழாயைக் கவனியுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டாலும், நாளுக்கு நான்கு லீற்றருக்கு மேல். மாதத்தில் ஏறக்குறைய 130 லீற்றர் வீண். பிரதான குழாயை அடைத்துவிட்டு, பழைய வாசரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் ஒன்று வாங்கிப் போடுவது கால்மணி நேர வேலை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் கதவோரத்து றப்பர் தளர்ந்துவிட்டது. குளிர் வெளியேறி மின்சாரம் வீணாகிறது. பலவேளை அந்த றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து அழுக்கை நீக்கினாலே சரியாகிவிடும். ஆனால் மின்சாரக் கம்பியிலும் காஸ் குழாயிலும் எவரும் கைவைக்கலாகாது. அவற்றுக்குத் தொழில் தெரிந்தவரை அழைப்பதே சிக்கனம்.

எரிபொருளுக்கு வருவோம். பானையை மூடிச் சமைப்பதும், சுவாலை பானையின் அடியைத் தாண்டி வெளியே எழாமற் பார்ப்பதும் எல்லோரும் அறிந்தவை, செய்வோர்தான் சிலர். கடலையையும் பயற்றையும் இரவே ஊறவைத்தால் அவியும் நேரம் வெகுவாகக் குறையும். பருப்பைப் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு இறக்கி, மூடியோடு பழைய கம்பளியில் சுற்றி வைத்தால் தன் சூட்டிலேயே அவிந்துவிடும். பின்பு ஒருமுறை கொதிக்கவைத்துத் தாளித்தாற் போதும். உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்து மக்கள் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பானையை வைத்து இவ்வாறே செய்தனர். ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாடி வீடுகளில் பூட்டிய அறைக்குள் கரியடுப்பு மூட்டவேண்டாம். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

அடுத்தது உணவு. மலிவு உணவென்றால் சத்தில்லாத உணவென்பது தப்பெண்ணம். சோற்றில் குறைவான புரதக் கூறு பருப்பில் உண்டு. பருப்பில் குறைந்தது சோற்றில் உண்டு. இரண்டையும் சேர்த்துண்ட எமது முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் முறை சரியானது. வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைச் சந்தையிலோ வாங்கும் ஒரு பிடி முருங்கையிலை, கொஞ்சம் சிவப்பரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, மிளகு: இவற்றால் ஐந்து பேருக்கு இலைக்கஞ்சி தயார். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள்; அதிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க அது துணைசெய்யும். தேநீரோ அதைத் தடுக்கும். ஆகையால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துவது நன்று.

மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து, திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் அவித்து, அத்தண்ணீரை ஊற்றிவிடவேண்டும். அதிலுள்ள நச்சுத்தன்மை அவ்வாறே நீங்கும். அவித்த கிழங்குக்குச் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்த சம்பல் போதும். வாழைக்காய் சமைத்தால் தோலை எறியாதீர்கள்; பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவிட்டு வறை செய்யலாம். பால் பிழிந்த தேங்காய்ப்பூவையும் சம்பலுக்குச் சேர்க்கலாம். ஒரு சுண்டு பயற்றை முளைக்கவிட்டால் இரண்டு சுண்டாகப் பெருகும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் வெங்காயமும் கூட்டி உண்பதை வெட்கமாக எண்ணாதீர்கள். கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் மாமி, விருந்தினர் வந்தால் பழஞ்சோற்றுப் பானையை ஒளித்து வைப்பார். ஒருநாள் வந்த விருந்தாளியே அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றோடு வெட்கம் தீர்ந்தது.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். நாட்கூலியை நம்பி ஒற்றை அறையில் ஆறு பேராக வாழும் குடும்பத்திடம் போய்ச் சிக்கனம் போதிப்பது முறையன்று. அவர்கள் எமக்குக் கற்பிக்கவல்லவர்கள். வருமானம் இல்லாத இடத்தில் சிக்கனம் வருமானத்தைத் தராது. ஆதலால் நாம் கூறுவது அறிவுரையன்று, ஒரு வேண்டுகோள். எமது சங்கத்துக்கென ஒரு கருவிப் பெட்டி வாங்குவோம். குறடு, திருப்புளி, பல அளவு வாசர்கள், ஊசி நூல், இவ்வளவே போதும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளைஞர் இருவர் இருவராகச் சேர்ந்து, தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்குச் சென்று, வேண்டிய சிறு திருத்தங்களைக் கூலியின்றிச் செய்து கொடுப்போம். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டும் கைகள், வீட்டுக் குசினியிலும் அரிவாளைப் பிடிக்கலாமல்லவா?

இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். உண்ண உட்காருமுன் அம்மாவின் கோப்பையில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். எமது உரையில் மற்றவை மறந்துபோயினும் இது ஒன்று நினைவிருந்தாற் போதும்.