தேவ சித்தத்திற்குக் காத்திருத்தல்

(பொன்விழா ஆயத்தத் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை நமது பங்குக்குரு ஆற்றிய உரை)



"ஆண்டவர் சித்தப்படி ஆகட்டும்" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். பெரும்பாலும் நம் முயற்சிகள் எல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான் சொல்லுகிறோம். பெண் பார்த்து, நாள் குறித்து, மண்டபமும் பேசி முடித்த பின்பு, "சாமி, இது ஆண்டவருக்குச் சித்தமா என்று செபித்துச் சொல்லுங்கள்" என்று வருவோரும் உண்டு. ஆண்டவர் 'ஆமென்' சொல்லுவதைத் தவிர வேறெதற்கும் அங்கே நாம் இடம் வைப்பதில்லை!

1542 முதல் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியாரை நினைத்துப் பார்ப்போம். 1545-ஆம் ஆண்டு முற்பகுதியில் அவர் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். முந்தின ஆண்டில்தான் மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கணக்கில் யாழ்ப்பாண அரசனால் கொல்லப்பட்டிருந்தார்கள். அவ்வரசன்மீது போர்த்துக்கீசியப் படை செல்லும், அதனால் வேதம் பரவ வழி பிறக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஒரு புனிதர் படையை நம்பிக் காத்திருந்தது இன்று நம் மனத்திற்கு ஒவ்வவில்லை. ஆனால் அதை மறைத்துப் பேசுவதும் முறையல்ல. சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று அந்தக் கரையில் தரைதட்டவே, சரக்கை மீட்பதுதான் பெரிதாகிவிட்டது. படை செல்லவில்லை. சரி, குமரிமுனைப் பக்கம் திரும்புவோம் என்றால் எதிர்க்காற்று. தெற்கே போக முடியாதவர் வடக்கே சாந்தோமுக்கு, அப்போஸ்தலரான தோமையாரின் கல்லறைக் கோவிலுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பங்குக்குருவின் வீட்டில் ஏறக்குறைய நான்கு மாதம் தங்கி, இரவு நேரங்களில் கோவிலில் செபித்தார். கீழ்த்திசையில் மக்கசார் என்னும் நாட்டில் சிலர் ஞானஸ்நானம் பெற்றிருந்தும் போதிக்கக் குருக்கள் இல்லை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். போவதா, இருப்பதா? அவர் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். காட்டினால் யோசிக்கலாம் என்று அவர் கேட்கவில்லை. எதைக் காட்டினாலும் செய்வது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு கேட்டார். போகவேண்டும் என்பதை உள்ளத்தில் மிகுந்த ஆறுதலோடு உணர்ந்ததாக மே 8-ஆம் தேதி கடிதத்தில் எழுதினார். கப்பல் கிடைக்காவிட்டால் கட்டுமரத்திலாவது போவாராம்! கடலுக்குப் போகிற நம் சகோதரர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும், அவர் மக்கசார் போய்ச் சேரவேயில்லை. ஆகஸ்டு இறுதியில் புறப்பட்டு மலாக்கா சென்றார். அங்கிருந்து 1546-இல் அம்போய்னா தீவுக்குப் போனார். 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். 1549 ஆகஸ்டு 15-இல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பான் மண்ணில் கால் வைத்தார். அப்படியானால் சாந்தோமில் உணர்ந்தது பொய்யா? நாம் அப்படி எண்ணவில்லை. ஆண்டவர் காட்டியது ஓரடி. மீதி வழியை அவரே வரைந்து வைத்திருந்தார்.

இதையெல்லாம் குருமடத்தில் படித்தோம். படித்தது போதவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், உதவிப் பங்குக்குருவாக இருந்த ஓர் ஊரில், கோவிலை விட்டுப் பல்லாண்டு ஒதுங்கியிருந்த முதியவர் ஒருவர் நோயாய்க் கிடந்தார். ஒருநாள் மாலைச் செபத்தின்போது, "போய்ப் பார்" என்று உள்ளே ஓர் உந்துதல். முன்பு ஒருமுறை நம்மை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவர் அவர். அழையாத வீட்டுக்குப் போவானேன், கூப்பிட்டால் போகலாம் என்று இருந்துவிட்டோம். மனக்கசப்புக்கு விவேகம் என்று பேர் வைத்துக்கொண்டோம். மறுநாள் பூசைக்கு முன்பே உபதேசியார் வந்து, சாவுமணி அடிக்கலாமா என்று கேட்டார். "சாமி வருவாரா என்று நேற்று இரண்டு தடவை கேட்டார்" என்றாள் அவருடைய மகள். குறையாகச் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குரல் நம்மை விட்டுப் போகவில்லை.

எல்லா உந்துதலும் தேவ சித்தமல்ல என்பதும் மெய்தான். கோபத்தில் பிறக்கும் அவசரத்தைப் பரிசுத்த ஆவியின் தலையில் கட்டக் கூடாது. கற்பனைகளுக்கும் நம் அந்தஸ்தின் கடமைகளுக்கும் விரோதமானதைத் தயங்காமல் தள்ளிவிடலாம். மற்றதை உடனே செய்யத் துணியாவிட்டாலும், உடனே தள்ளிவிடவும் வேண்டாம். ஓரிரவு ஆண்டவர் முன்னிலையில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது நம் பங்கின் காரியம். வருகிற ஞாயிறு பங்குப்பேரவை கூடுகிறது. பொன்விழா நிதியைக் கொண்டு மணிக்கோபுரம் கட்டுவதா, பிள்ளைகளின் மாலைப் படிப்புக்கு ஓர் அறை கட்டுவதா என்று ஊர் இரண்டாகப் பேசுகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நமக்குக் கோபுரத்தின்மேல் ஆசை. வரைபடம்கூட மேசையில் இருக்கிறது. இன்று காலை அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். வியாழன் இரவு எட்டு மணிக்குத் திவ்விய நற்கருணை எழுந்தேற்றம் செய்து, விடியும்வரை கோவிலைத் திறந்து வைத்திருப்போம். கோபுரம் கேட்கிறவர்களும் வாருங்கள், அறை கேட்கிறவர்களும் வாருங்கள். பேச வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள். நாமும் அங்கே முழந்தாளில் இருப்போம்.