சாக்கோடு வீடு வந்த கதை

போன வாரம் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் என் மகள் கடைசி. வந்ததும் ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "இனிமே ஓட மாட்டேன்." நாக்கு நுனிவரை வந்த புத்திமதியை விழுங்கிக்கொண்டேன். அப்பாக்களுக்கு அது லேசான காரியமில்லை!

பதிலுக்கு ஓட்டக்காரர் கென்னத் பவல் கதையைச் சொன்னேன். 1940இல் நம்ம கோலார் பக்கம் பிறந்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் முதல் சுற்றோடு வெளியே வந்தார். உலகமே பார்க்கத் தோற்றவர், அதே ஊரில் தொடரோட்டத்துக்குக் கோலைப் பிடித்தார். இந்திய அணி அரையிறுதிக்குப் போனது. 1965இல் அர்ஜுனா விருது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் தொடரோட்ட வெண்கலம், முப்பது வயதில்.

நம்ம கோலார் தங்கவயல் அப்பாக்களும் இப்படித்தான். 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கடியில் வேலை பார்த்தவர்கள், மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூரில் கிடைத்த வேலைக்குப் போனார்கள்.

மகள் முகம் இன்னும் தெளியவில்லை. கடைசியில் என் மானத்தையே எடுத்துவிட்டேன். ஏழாம் வகுப்பு, சாக்கு ஓட்டம். நான்தான் முதல். கோட்டுக்கு இரண்டடி முன்னால் குப்புற விழுந்தேன். கால்சட்டை டர்ரென்று கிழிந்தது.

"அப்புறம் எப்படிப்பா வீட்டுக்குப் போனே?"

"சாக்கைக் கழற்றவே இல்லையே. குதிச்சுக் குதிச்சே போய்ட்டேன்."

மறுநாள் மூலையில் ஷூவைக் காணோம்.